விட்மன் கவுண்டியில் விவசாய மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிழக்கு ஓரமாக இருப்பது விட்மன் கவுண்டி. கோதுமை விளைச்சலில் அந்த நாட்டுக் கவுண்டிகளில் முன்வரிசையில் நிற்பது. அங்கே புல்மன் ஊரில் சில வருஷம் குடியிருந்தேன். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் பெரியப்பா ஒரே கேள்வியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்: "ஏம்ப்பா, அங்க விதைக்காமலே காசு தர்றானாமே, நெசமா?" அவருக்குச் சொன்னதையும், பிறகு மற்றவர்கள் கேட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரியா?

பரப்பில் அப்படித்தான். தஞ்சாவூர் மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். ஆனால் 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 47,973 பேர்தான். அதிலும் 32,901 பேர் பல்கலைக்கழகம் இருக்கிற புல்மனில். மிச்சமெல்லாம் மேடும் பள்ளமுமாக, கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. நான் குடியிருந்த தெரு முடிகிற இடத்திலேயே வயல் தொடங்கிவிடும். சரிவில் ஏறும்போது சாய்ந்துவிடாமல் உடம்பைத் தானே மட்டப்படுத்திக்கொள்ளும் அறுவடை இயந்திரத்தை அங்கேதான் பார்த்தேன்.

கலெக்டர் கிடையாது. தேர்தலில் வந்த கமிஷனர்கள் மூன்று பேர் நிர்வாகம் பார்க்கிறார்கள். விவசாய மானியத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பணம் முழுக்க மத்திய அரசுடையது.

அப்படியானால் பணத்தைத் தருவது யார்?

அமெரிக்க வேளாண் துறை. அதன் கீழே எஃப்.எஸ்.ஏ. என்று ஒரு பண்ணைச் சேவை முகமை இருக்கிறது. நாடு முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள். விட்மனுக்கு அது கவுண்டித் தலைநகரான கோல்ஃபாக்ஸில். கஜானா சி.சி.சி. என்ற அரசுக் கடன் கழகம். 1933-ல் தொடங்கியது, 3,000 கோடி டாலர் வரை கடன் வாங்க அதற்கு அனுமதி உண்டு. கழகம் என்று பெயரே தவிர, அதற்கென்று தனியாக ஊழியர்கள் கிடையாது. வேலையெல்லாம் வேளாண் துறை ஆட்கள்தான் செய்கிறார்கள்.

கோல்ஃபாக்ஸ் அலுவலகத்தை நம்மூர் வி.ஏ.ஓ. ஆபீஸும் வேளாண் விரிவாக்க மையமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு எண், அதற்குள் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு எண். நமக்குப் பட்டா எண், சர்வே எண் எப்படியோ அப்படி. வசந்த காலத்தில் எதை எங்கே விதைத்தேன் என்று ஜூலை 15-க்குள் படத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு படிவம், அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்று ஒரு படிவம். பின்னதை மீறினால் மானியமே போய்விடும்.

விதைத்ததற்குத்தானே பணம்? விதைத்த ஏக்கருக்கு இவ்வளவு என்று?

பெரியப்பா நம்ப மறுத்த இடம் இதுதான். முக்கியமான விலை மானியம் இந்த வருஷம் விதைத்த ஏக்கருக்குத் தரப்படுவதில்லை. 'பேஸ் ஏக்கர்' என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதற்குத் தரப்படுகிறது. பல வருஷங்களுக்கு முன் அந்த நிலத்தில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் இருந்தது என்று பதிவான கணக்கு அது. கோதுமைக்கு 500 பேஸ் ஏக்கர் பதிவாகியிருக்கும் நிலத்தில் இந்த வருஷம் கடுகு போட்டிருந்தாலும், கோதுமை விலை விழுந்தால் கோதுமைக்கான மானியம் வரும். பேஸ் இல்லாத நிலத்தில் கோதுமையே விளைந்து கிடந்தாலும் வராது.

இது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள 1930-களுக்குப் போக வேண்டும். விளைச்சல் மிஞ்சி விலை சரிந்த காலம். விதைப்பதைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்று 1933-ல் ஒரு சட்டம் வந்தது. 1936-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1938-ல் வேறு வடிவில் மறுபடி வந்தது. அதன்படி ஒவ்வொரு பண்ணைக்கும் இத்தனை ஏக்கர்தான் கோதுமை என்று ஒதுக்கீடு.

ஒஹையோவில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு சிறு விவசாயி. அவருக்கு ஒதுக்கியது 11.1 ஏக்கர். அவர் விதைத்தது 23. கூடுதல் ஏக்கரில் விளைந்த 239 புஷலுக்கு (ஒரு புஷல் கோதுமை 27 கிலோ சொச்சம்) 117 டாலர் சொச்சம் அபராதம் போட்டார்கள். 'என் மாட்டுக்கும் கோழிக்கும் என் வீட்டு மாவுக்கும் நான் விளைவித்தது, இதில் அரசுக்கு என்ன வேலை?' என்பது அவர் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1942-ல் அவர் தோற்றார். தன் கோதுமையைத் தானே தின்றால் சந்தையில் வாங்குவது குறையும், அதுவும் வணிகத்தைப் பாதிப்பதுதான் என்றது தீர்ப்பு. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடுகள் பிறகு கழன்றுவிட்டன. 1996-ல் வந்த சட்டம் எதை வேண்டுமானாலும் விதைத்துக்கொள் என்று விட்டது. ஆனால் பழைய ஏக்கர் கணக்கு மட்டும் போகவில்லை. 2002-ல் அதைப் புதுப்பிக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். 2014-ல் பயிர் மாற்றி எழுதிக்கொள்ள ஒரு வாய்ப்பு. 2009 முதல் 2017 வரை விளைநிலம் முழுக்கப் புல்லாகவோ மேய்ச்சலாகவோ தரிசாகவோ கிடந்த பண்ணைகளுக்கு, 2018 சட்டத்துக்குப் பிறகு பேஸ் இருந்தும் பணம் நின்றது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்க வழி விட்டிருக்கிறது.

தமிழில் மானியம் என்ற சொல்லுக்கே முதலில் நிலம் என்றுதான் பொருள். கோயிலுக்கும் ஊர் ஊழியக்காரருக்கும் வரியில்லாமல் விட்ட நிலம். விட்மன் கவுண்டி மானியத்துக்கு அந்தப் பழைய பொருள்தான் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். அங்கே பணம் நிலத்தின் பதிவேட்டைத் தேடித்தான் வருகிறது.

சரி, ஒரு பண்ணைக்கு எவ்வளவு வரும்? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

கோதுமைக்குச் சட்டம் ஒரு ஆதார விலை வைத்திருக்கிறது. 2014 முதல் புஷலுக்கு 5.50 டாலர். 2025 சட்டம் அதை 6.35 ஆக்கியது. நாடு முழுவதுக்குமான ஆண்டுச் சராசரி விலை இதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். பி.எல்.சி. என்று இந்தத் திட்டத்துக்குப் பெயர்.

கற்பனையாக ஒரு பண்ணை: 1,000 பேஸ் ஏக்கர், ஏக்கருக்குப் பதிவான விளைச்சல் 70 புஷல். சராசரி விலை 5.30 டாலர் என்று வைப்போம். வித்தியாசம் 1.05. பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், அதாவது 850 ஏக்கர். 850 × 70 × 1.05 = 62,475 டாலர். இதில் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பெயரில் 5.7 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். கையில் வருவது 59,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

விளைச்சலும் பதிவேட்டில் இருக்கிற விளைச்சல்தான். களத்தில் இந்த வருஷம் 90 புஷல் கண்டாலும் 40 புஷல் கண்டாலும் இந்தத் தொகை மாறாது.

இந்தப் பணம் எப்போது கைக்கு வரும்?

அறுவடை முடிந்து ஒரு வருஷத்துக்கும் மேலாகி. கோதுமையின் சந்தை ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கி மறுவருஷம் மே 31-ல் முடியும். அது முடிந்தால்தான் சராசரி விலை தெரியும். அதன்பின் அக்டோபர் பிறந்தால்தான் பட்டுவாடா. 2025 ஆகஸ்டில் அறுத்த கோதுமைக்கு 2026 அக்டோபர். நடுவில் விதை, உரம், டீசல் எல்லாம் வங்கிக் கடனில்.

அக்டோபர் 1 அவர்களுடைய நிதியாண்டின் முதல் நாளும் கூட. பட்ஜெட் சண்டையில் அந்த நேரத்தில் அரசு முடங்குவதும் உண்டு. 2025-ல் அப்படி முடங்கி, எஃப்.எஸ்.ஏ. அலுவலகங்கள் மூன்று வாரம் மூடிக் கிடந்து, பிறகு அரைகுறை ஆட்களோடு திறந்தன.

விலை விழவில்லை, விளைச்சல்தான் போய்விட்டது என்றால்?

ஏ.ஆர்.சி. என்று இன்னொரு திட்டம். கவுண்டியின் சராசரி வருமானம் வழக்கமான அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம். (2024 பயிர் வரை அது 86.) இரண்டில் ஒன்றை விவசாயி முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 பயிருக்கு மட்டும் எது அதிகமோ அது தானாகவே தரப்படும் என்று புதுச் சட்டம் சொல்லிவிட்டது.

வில்லங்கம் 'கவுண்டியின் சராசரி' என்பதில் இருக்கிறது. விட்மனில் கிழக்கே மழை நன்றாகப் பெய்யும், மேற்கே போகப் போக வறண்டுவிடும். மேற்குக்காரர் வயல் காய்ந்து, கிழக்குக்காரர் வயல் செழித்தால் சராசரி நன்றாகத்தான் இருக்கும். மேற்குக்காரருக்கு ஒன்றும் வராது.

நிலம் ஒருவருடையது, உழுகிறவர் இன்னொருவர் என்றால் பணம் யாருக்கு?

குத்தகையைப் பொறுத்தது. ரொக்கக் குத்தகை என்றால் உழுகிறவருக்கு முழுசாக. விளைச்சலைப் பங்கு போடுகிற வாரம் என்றால் அந்தப் பங்குப்படி பிரித்துக்கொள்வார்கள். விட்மனும் சுற்றுவட்டாரமும் உள்ள பலூஸ் பகுதியில் வாரம் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. நிலக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு, உழுகிறவருக்கு இரண்டு பங்கு என்பது பழைய நடைமுறை. கோதுமையைப் பிரிக்கிற அதே விகிதத்தில் மானியமும் பிரியும். தாத்தா விட்டுப்போன நிலத்துக்கு சியாட்டிலில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்கு அரசுப் பணம் வருவது இப்படித்தான். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

ரொக்கக் குத்தகையிலும் நிலக்காரர் விட்டுவிட மாட்டார். பேஸ் அதிகமாக இருக்கிற நிலத்துக்கு வாடகையும் விலையும் கூடும். மானியத்தில் ஒரு பகுதி குத்தகை வழியாக நிலக்காரருக்கே போய்ச் சேர்கிறது என்று பொருளாதார ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவந்திருக்கின்றன. ஆதார விலை ஏறினால் அடுத்த குத்தகைப் பேச்சில் அது எதிரொலிக்கும். சொந்த நிலமில்லாமல் புதிதாக விவசாயத்துக்கு வருகிற இளைஞருக்கு, அவருக்கென்று சொல்லித் தரப்படும் இந்தப் பணமே வாடகையை ஏற்றிவிடுகிறது.

உச்சவரம்பு ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஓட்டையோடு. விலை மானியத்துக்கு ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் என்று இருந்ததை 2025 சட்டம் 1,55,000 ஆக்கியது. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு. கூட்டுப் பண்ணை என்றால் கூட்டாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு. விவசாயத்தில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குடும்பப் பண்ணையில் நிர்வாகம் பார்க்கிறேன் என்றாலே அது போதும். 2018 சட்டம் 'குடும்பம்' என்பதற்குள் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் சித்தப்பா பெரியப்பா மக்களையும் சேர்த்துக்கொண்டது. அங்காளி பங்காளி அத்தனை பேரும் வரலாம்.

சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் தகுதியில்லை என்று ஒரு விதியும் உண்டு. செலவெல்லாம் கழித்த வருமானம் அது. தாண்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பயிர் செய்யாமல் இருக்கப் பணம் தருகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. பெரியப்பா கேள்விப்பட்டது இதைத்தான். சி.ஆர்.பி. என்று 1985-ல் வந்த நிலப் பாதுகாப்புத் திட்டம். 10 முதல் 15 வருஷத்துக்கு ஒப்பந்தம். நிலத்தில் புல்லும் செடியும் வளர்த்துச் சும்மா விட வேண்டும், அரசு ஆண்டு வாடகை தரும். ஒரு ஆளுக்கு வருஷம் 50,000 டாலருக்கு மேல் கிடையாது.

என் பார்வையில், இருக்கிற திட்டங்களில் நியாயம் கூடுதலாகத் தெரிவது இதில்தான். பலூஸ் மண் காற்று கொண்டுவந்து குவித்த மெல்லிய வண்டல். செங்குத்தான சரிவில் அதை உழுது போட்டால் பனி உருகும்போது மண் ஓடைக்குப் போய்விடும். போன மண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தச் சரிவுகளில் புல் நிற்பதற்குக் கூலி கொடுப்பது வீண் செலவு இல்லை.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இதில் சேர்க்கக் கூடாது என்பது பொது விதி. நிலம் சும்மா கிடந்தால் உரம் விற்பவர், டிராக்டர் பழுது பார்ப்பவர், தானியக் கிடங்குக்காரர் எல்லோருக்கும் வேலை இல்லாமல் போகும். நிலக்காரருக்கு வாடகை வரும், கடைத்தெருவுக்கு ஒன்றும் வராது.

பயிர்க் காப்பீடும் மானியம்தானா?

அதுதான் பெரிய மானியமே, ஆனால் கண்ணில் படாது. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. விற்பது தனியார் நிறுவனங்கள், அவர்களுடைய நிர்வாகச் செலவுக்கும் அரசுதான் பணம் தருகிறது. மேலே சொன்ன உச்சவரம்பு, வருமான வரம்பு இரண்டும் இதற்குக் கிடையாது.

வர்த்தகச் சண்டைக்கும் பணம் கொடுத்தார்களாமே?

ஆமாம். 2018-ல் சீனாவோடு சுங்கவரிப் போர் தொடங்கியதும், நாடாளுமன்றத்துக்குப் போகாமலே சி.சி.சி. கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 2018, 2019 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 2,300 கோடி டாலர். முதல் வருஷம் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், கோதுமைக்கு 14 சென்ட், மக்காச்சோளத்துக்கு 1 சென்ட். ஒரு சென்ட்! மக்காச்சோளக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். மறுவருஷம் முறையை மாற்றி, கவுண்டிக்கு ஒரு விலை என்று ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை வைத்தார்கள். கவுண்டி எல்லைக்கோடு நடுவில் ஓடுகிற பண்ணையில் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் ஒரு தொகை. 2025 டிசம்பரிலும் இதேபோல 1,200 கோடி டாலர் அறிவித்தார்கள்.

இதில் இந்தியாவுக்குச் சம்பந்தம் உண்டா?

உண்டு, பருப்பு வழியாக. பலூஸ் மலைச்சரிவுகளில் கோதுமைக்கு மாற்றுப்பயிராக மசூர் வகைப் பருப்பும் பட்டாணியும் வெள்ளைக் கொண்டைக்கடலையும் போடுவார்கள். ஆகஸ்டில் புல்மனில் மசூருக்கென்று திருவிழாவே நடக்கும். 2017 கடைசியில் இந்தியா நம் விவசாயிகளைக் காக்கப் பருப்புக்கு இறக்குமதி வரி போட்டது: மசூருக்கு 30 சதவீதம், கொண்டைக்கடலைக்கு ஏறி ஏறி 2018 மார்ச்சில் 60. 2019 ஜூனில் அமெரிக்கப் பருப்புக்கு மட்டும் மேலும் கூட்டியது. அது 2023 செப்டம்பரில்தான் நீங்கியது. 2019-ல் அமெரிக்கா கொடுத்த வர்த்தகப் போர் நிவாரணத்தில் பருப்புகளும் இருந்தன. டெல்லியில் போட்ட வரிக்கான ஈடும் கோல்ஃபாக்ஸில் எழுதிய படிவத்தில் அடக்கம் என்று சொன்னபோதுதான் பெரியப்பா முதல்முறையாகச் சிரித்தார்.

நம்ம பி.எம். கிசானோடு ஒப்பிட்டால்?

பி.எம். கிசானில் நிலம் எத்தனை ஏக்கர் என்றாலும் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக. அரை ஏக்கர்காரருக்கும் பத்து ஏக்கர்காரருக்கும் ஒரே தொகை. விட்மனில் ஏக்கர் கூடக் கூடத் தொகை கூடும். ஒரு ஒற்றுமையும் இருக்கிறது. இரண்டும் நிலப் பதிவேட்டைப் பார்த்துத் தரப்படுகின்றன. டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் பி.எம். கிசானுக்கு வெளியேதான் நிற்கிறார்.

யாருக்குத் தகுதி என்று முடிவு செய்வது அதிகாரிகளா?

உள்ளூர் விவசாயிகளும்தான். ஒவ்வொரு கவுண்டிக்கும் 3 முதல் 11 பேர் கொண்ட குழு. விவசாயிகளே தபால் ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று வருஷப் பதவி. மண்ணும் மழையும் தெரிந்தவர்கள் முடிவெடுப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளூர் ஆட்களிடம் அதிகாரம் போனால் உள்ளூர்ப் பாகுபாடும் கூடவே போகும். தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகளின் கடன் விண்ணப்பங்கள் இழுத்தடிக்கப்பட்டன, மறுக்கப்பட்டன. அவர்கள் தொடுத்த பிக்ஃபர்ட் வழக்கில் 1999-ல் சமரசம் ஏற்பட்டு, வேளாண் துறை சுமார் 100 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. பூர்வகுடி விவசாயிகள் தொடுத்த கீப்ஸீகிள் வழக்கில் 2010-ல் 76 கோடி டாலர். குழுக்களின் அதிகாரம் இப்போது முன்பைவிடக் குறைவு.

யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்க்க முடியுமா?

விலை மானியமும் நிலப் பாதுகாப்பு வாடகையும் பெறுகிறவர்களின் பெயரும் தொகையும் பொதுத் தகவல். 1995 முதலான கணக்கைச் சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தொண்டு நிறுவனம் கவுண்டி வாரியாகத் திரட்டி வெளியிட்டு வருகிறது. ஊருக்குள் இது கொஞ்சம் சங்கடமான விஷயம். பக்கத்துப் பண்ணைக்காரர் தொகையை எல்லோரும் பார்த்திருப்பார்கள், யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். காப்பீட்டு மானியம் யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் வெளியே வராது.

மானியத்துக்கு வரி உண்டா?

உண்டு. விவசாய வருமானமாகக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். அங்கே நிலம் வாங்கிக் குத்தகைக்கு விட்டால் இந்தப் பணம் எனக்கும் வருமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. குடியுரிமையோ பச்சை அட்டையோ இருந்தால் மற்றவர்களுக்குள்ள விதிதான். அது இல்லாதவர் நிலமும் முதலும் போடுவதோடு, தானே வயலில் இறங்கிக் கணிசமாக உடல் உழைப்பும் தந்தால்தான் தகுதி. மென்பொருள் நிறுவனத்துக்கு என்று வந்த விசாவில் அது நடக்காது. ஆகவே மானியத்தைக் கணக்கில் வைத்து நில விலை பேசாதீர்கள். வாங்கித்தான் தீருவேன் என்றால், வாங்கிய 90 நாளுக்குள் அந்தக் கவுண்டியின் எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் வெளிநாட்டவர் நில உடைமைப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். 1978 சட்டப்படி அது கட்டாயம். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடலாம்.